பற்றின்மைச் சான்று

சொத்து மதிப்பீட்டாளர் உரிமத்துக்கு வாரியம் கேட்ட தகுதிகளில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் நிரோஷா முடித்திருந்தாள். சிவில் டிப்ளமோ முன்பே இருந்தது. மதிப்பீட்டுப் படிப்பை வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படித்தாள். தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். இரண்டு முறையும் காலை வாரிவிட்டது தேய்மானக் கணக்கு. உரிமம் வைத்திருக்கும் ஒருவரின் கீழ் களப்பயிற்சியும் முடியும் தறுவாயில் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளையவளின் பின்னால் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கடலூர் முதுநகரின் வீடுகளில் ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்திருந்தது. அதற்கு மட்டும் கணக்கு எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை.

மிச்சம் இருந்தது பற்றின்மைச் சான்று. அதற்குப் படிக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போனால் போதும்.

“வலிக்குமா மேடம்?” என்று கேட்டாள்.

ரிஸ்வானா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடையிலிருந்து எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவள்தான் நிரோஷாவுக்கு மேலே கையெழுத்துப் போடும் மதிப்பீட்டாளர். உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.

“ஊசிகூடக் கிடையாதுக்கா. தலையில ஒரு தொப்பி மாட்டுவாங்க. உங்க வீட்டை நீங்களே வீடியோ எடுத்துட்டுப் போகணும். அதை ஓட்டுவாங்க. சொந்த வீட்டைப் பாக்கும்போது மூளையில ஒரு எடம் மட்டும் பத்திக்கும் இல்ல, அதைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி விடுவாங்க. அடுப்பைச் சிம்ல வெக்கற மாதிரி.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, எந்த வீடும் வீடாத் தெரியாது. கட்டடமாத் தெரியும்.”

இந்தச் சட்டம் வந்த கதை நிரோஷாவுக்கும் தெரியும், தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி அது. கடல் ஊருக்குள் வரத் தொடங்கி, கரையோரத் தெருக்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்ய ஆரம்பித்தபோது வீடுகளுக்கு மதிப்புப் போட்டது இயந்திரம்தான். மேலே பறந்து அளந்து, சுவரின் ஈரத்தைப் பார்த்து, வழிகாட்டி மதிப்போடு பெருக்கி, ஒரு நாளில் ஒரு தெருவையே முடித்துவிடும். மக்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு வீட்டில் வாழ்வது என்றால் என்னவென்று அறிந்த மனிதர் ஒருவர் உள்ளே போய் நின்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மனிதர்கள் போனார்கள். தங்கள் சாதிக்காரர் தெருவுக்கு ஒரு மதிப்பு, அடுத்த தெருவுக்கு இன்னொரு மதிப்பு என்று போட்டார்கள். தான் பிறந்த வீட்டைப்போல் முற்றம் இருந்த வீட்டுக்கெல்லாம் ஒருவர் அள்ளிக் கொடுத்தது பெரிய வழக்காயிற்று. மறுபடியும் நீதிமன்றம். கடைசியில் மனிதர் போகலாம், ஆனால் பற்று இல்லாத மனிதராகப் போக வேண்டும் என்று முடிவாகி, அதற்கு ஒரு சிகிச்சையும் வந்தது.

“உங்களுக்கு அதுக்கப்புறம் எப்படி இருந்துச்சு?”

“வேலைக்கு லேசா இருக்கு. அழறவங்க வீட்டுக்குள்ள போயிட்டு வந்தாலும் படுத்தா தூங்கிடறேன்.” ரிஸ்வானா வடையைக் கடித்தாள். “பெருநாளைக்குப் பரங்கிப்பேட்டை போனேன். உம்மா பிரியாணி ஆக்கியிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பஸ்ஸு போயிடுமோன்னு கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். ‘ஏன்டி, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி நுனியில உக்காந்திருக்கே’ன்னு உம்மா கேட்டாங்க. அப்பதான் பாத்தேன், நுனியிலதான் உக்காந்திருந்தேன்.”

மழை பெய்தது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அவள் தங்கியிருப்பது அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில். வீடு பார்க்கவில்லையா என்று யாராவது கேட்டால், எதற்கு என்பாள்.

அன்று அவர்கள் போக வேண்டியிருந்தது உப்பனாற்றை ஒட்டிய பண்டகசாலைத் தெருவுக்கு. தெருவின் ஒரு பக்கம் ஏற்கெனவே காலி. கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மறுபக்கம் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. தணிகாசலத்தின் வீடு கடைசி. முன்னால் வெல்டிங் பட்டறை, பின்னால் ஓட்டு வீடு. சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது.

இயந்திரம் தன் கணக்கை முடித்து அனுப்பியிருந்தது. மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது அதைச் சரிபார்ப்பதும், அடியில் இருக்கும் ஒரே ஒரு கேள்விக்கு விடை போடுவதும்தான். ‘வாழ்வு மதிப்பு: உண்டு, இல்லை.’ நீதிமன்றத்துக்காக வைத்த கேள்வி அது. ‘இல்லை’ என்றால் கேப்பர் மலையில் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு பிளாட். ‘உண்டு’ என்றால் அதே மலையில், இருந்த வீட்டின் அளவிலேயே, அதே அமைப்பில் தனி வீடு. ‘உண்டு’ போட்டு ரிஸ்வானாவை நிரோஷா பார்த்ததில்லை. மற்ற மதிப்பீட்டாளர்களும் அப்படித்தான் என்றார்கள்.

நிரோஷா அறைகளை அளந்தாள். ரிஸ்வானா பையை நடைவழியில் இறக்கிவைத்துவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். தணிகாசலத்தின் மனைவி பூங்கோதை சமையலறையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. “சக்கரை போடலாமில்ல?” என்று கேட்டபடி மாடத்திலிருந்து டப்பாவை எடுத்தார். இரண்டு டம்ளர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் இடிக்கும் விட்டத்துக்குக் குனிந்து, உயரமான வாசற்படியைத் தாண்டி, விறுவிறுவென்று வந்தவர் ரிஸ்வானாவின் பையில் இடறி அப்படியே சரிந்தார். டீ சுவரெல்லாம் தெறித்தது.

பட்டறையிலிருந்து தணிகாசலம் ஓடிவந்தார்.

“வழியில எதையும் வெக்காதீங்கம்மா. அவளுக்குக் கண்ணு தெரியாது.”

நிரோஷா கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவு நேரமாக அதே வீட்டில் நின்றுகொண்டிருந்தும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

“ஐயோ, அவங்க என்ன பண்ணுவாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்?” பூங்கோதை கையை ஊன்றி எழுந்தார். “சக்கரை வியாதிம்மா. கண்ணு போயி ஆச்சு பல வருஷம். இந்த வீட்டுக்குள்ள இருக்கறவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. போன வருஷம் தண்ணி ஏறினப்ப தங்கச்சி வீட்டு பிளாட்டுல ஒரு வாரம் இருந்தேன். உக்காந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தேன். பாத்ரூமுக்குப் போக தங்கச்சி வீட்டுக்காரரைக் கூப்பிடணும். வெக்கக்கேடு.” அவர் பேசிக்கொண்டே போய்த் துணியை எடுத்துவந்து, சிந்திய இடத்தைக் கையால் தேடிக் கண்டுபிடித்துத் துடைத்தார். “இருங்க, வேற டீ போடறேன்.”

வெளியே வந்ததும் ரிஸ்வானா ‘இல்லை’ என்று போட்டாள்.

“மேடம்,” என்றாள் நிரோஷா. “அந்த அக்காவுக்கு…”

“பாத்தேன்க்கா. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க இல்ல? இங்கதான் புள்ள பெத்தேன், இங்கதான் அப்பா செத்தாருன்னு. எல்லாம் பற்றுதான்.”

“இது பற்று இல்ல மேடம். அந்த வீட்டை எடுத்தா அவங்களுக்கு ரெண்டாவது தடவ கண்ணு போகும்.”

ரிஸ்வானா திரும்பி அந்த வீட்டைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மறந்துபோன பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறவளைப்போலப் பார்த்தாள்.

“நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா அந்த வீட்டைப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ஓடு, விட்டம், உப்பரிச்ச சுவரு. அவ்ளோதான் தெரியுது. எனக்குத் தெரியாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அவங்க மறுமதிப்பீடு கேக்கலாம். உங்களுக்கு உரிமம் வந்துட்டா அதை நீங்களே பாருங்க. நீங்களே ‘உண்டு’ன்னு போடுங்க. நான் குறுக்க வரல.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு ரிஸ்வானாவே சொன்னாள்: “ஆனா அதுக்குள்ள உங்களுக்கும் எடுத்துடுவாங்க.”

நிரோஷாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு. கீழே வீட்டுக்காரர், மேலே இவர்கள். கணவன் திலீபன் ஏசி மெக்கானிக். மகள் நறுமுகை எட்டாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்தார்கள். வாசலில் தொடங்கி, தினமும் எப்படி நடப்பாளோ அப்படியே நடந்து எடுக்க வேண்டும் என்பது விதி. நிரோஷா போனைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். செருப்பு ஸ்டாண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே அலமாரி போதாமல் கட்டிலுக்கடியில் தள்ளிய பெட்டிகள். அந்தப் பெட்டிகளில் இரண்டு, முந்தைய வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்து பிரிக்கப்படாதவை.

“அடுத்தவன் வீட்டுச் சுவத்தை என்னத்துக்கு இவ்ளோ நேரம் எடுக்கறே?” என்றான் திலீபன்.

“அவங்க கேக்கறாங்க.”

நறுமுகை பின்னாலேயே வந்தாள். “அம்மா, அது பண்ணிக்கிட்டா உனக்கு வீட்டுக்கு வரணும்னு தோணாதாமே? ஸ்கூல்ல சொன்னாங்க.”

“உன்னைத் தேடி வருவேன்டி.”

“நான் ஹாஸ்டல்ல சேந்துட்டா?”

நிரோஷா போனை அணைத்தாள். நறுமுகை உள்ளே போய்விட்டாள்.

திலீபன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். “வேணாம்னு தோணிச்சுன்னா விட்டுடு நிரோ. இவ்ளோ நாள் எப்படி ஓட்டினோமோ அப்படியே ஓட்டுவோம்.”

“இந்த வருஷத்தோட பயிற்சி காலாவதி ஆயிடுங்க. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அந்தத் தேர்வை இன்னொரு தடவ எழுத என்னால ஆகாது.” குரல் உயரவில்லை. சண்டை போடும் தெம்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. “அளக்கறது நான். எழுதறது நான். அழறவங்களுக்குப் பதில் சொல்றது நான். கடைசியில ‘உண்டு’ன்னு ஒரு வார்த்தை போட எனக்கு உரிமை இல்ல. அதுக்கு உரிமை வரும்போது போடணும்னு தோணாதாம். என்ன சட்டமோ.”

“அப்ப என்ன பண்ணப் போறே?”

“ஒண்ணு பண்ணுங்க. நான் அது முடிஞ்சு வந்ததும், பூங்கோதை அக்கா வீட்டுக்கு ‘உண்டு’ போடச் சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டாலும் சொல்லாதீங்க, போடுன்னு சொல்லுங்க.”

“நான் சொன்னா நீ கேப்பியா?”

“எப்பக் கேட்டிருக்கேன்?”

திலீபன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவரும் சிரித்து நாளாகிவிட்டிருந்தது. ஆனால் சிரிப்பு நின்ற பிறகு அவன் முகம் அப்படியே இருண்டுபோனதை அவள் பார்த்தாள்.

மருத்துவமனையில் அந்தப் பிரிவு கடைசி மாடியில் இருந்தது. அங்கே ஷர்மிளா என்ற பெண் இருந்தாள். டாக்டர் கையெழுத்துக்கு மட்டும்தான் வருவார், மற்றதெல்லாம் அவள்தான். காலையிலிருந்து அவளுக்கு நிரோஷா ஐந்தாவது ஆளோ ஆறாவது ஆளோ. தொப்பியை மாட்டி, ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்து, வீடியோவை ஓட விட்டாள். படியேறும் காட்சி, செருப்பு ஸ்டாண்டு, நாற்காலிகள், பெட்டிகள்.

ஷர்மிளா தன் திரையைப் பார்த்தாள். எழுந்து வந்து தொப்பியை அழுத்திவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள்.

“இந்த வீட்டுக்கு வந்து எவ்ளோ நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்.”

“அதுக்கு முன்னாடி?”

நிரோஷா சொன்னாள். செம்மண்டலத்தில் ஒன்று, வண்டிப்பாளையத்தில் ஒன்று, அதற்கும் முன்னால் நெல்லிக்குப்பம், விழுப்புரம். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வாடகை ஏற்றம், கிணற்றில் உப்பு என்று ஒவ்வொன்றையும் விட்டுவந்த காரணங்களையும் சொன்னாள். ஷர்மிளா அந்தத் தெருக்களின் படங்களைத் தேடி ஓட்டினாள்.

“சின்ன வயசுல இருந்த வீடு? எல்லாருக்கும் அதுலதான் பத்திக்கும்.”

“எங்கப்பா வாட்ச்மேன்ங்க. கட்டற கட்டடத்துக்கு வாட்ச்மேன். நாங்க அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருப்போம். சிமெண்டு மூட்டை அடுக்கின ரூம்ல. ஜன்னல் வெச்சு, கதவு வெச்சு, பெயிண்டு அடிச்சு முடிச்சதும் கிளம்பிடுவோம். அடுத்தது எங்கயாவது அஸ்திவாரம் தோண்டிட்டு இருப்பாங்க.” தொப்பிக்குள் தலை அரித்தது. “எனக்குப் பூசின சுவரைவிடப் பூசாத சுவருதான் நல்லாத் தெரியும்.”

ஷர்மிளா பூசாத சுவர்களைக்கூட ஓட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம், கோயில், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பார்த்தாள். பிறகு வந்து தொப்பியைக் கழற்றினாள்.

“எழுந்துக்கங்க. அவ்ளோதான்.”

“முடிஞ்சுடுச்சா?”

“ஆரம்பிக்கவே இல்ல. எடுக்கறதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க.” அவள் குரலில் கிண்டல் இல்லை. “வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க. முன்னாடி மெஷின்தான் ரிப்பேருன்னு நெனச்சோம். சந்தோஷப்படுங்க, சிகிச்சை இல்லாமலே பாஸ். சான்று போன்ல வந்துடும்.”

நிரோஷா நாற்காலியை விட்டு எழவில்லை. “நான் தெனமும் சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னுதானே நெனைக்கறேன்?”

“அது வீட்டுல இருக்கற ஆளுங்களுக்காக இருக்கும். இல்ல, அசதியா இருக்கும். அதெல்லாம் மூளையில வேற எடம். நாங்க அதைத் தொடறதில்ல.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினாள். இரண்டு மாதமாக எதை இழக்கப்போகிறோம் என்று பயந்து தூக்கம் கெட்டாளோ, அது அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கையில் இல்லாத நகைக்குத் திருடன் பயம். ரிஸ்வானாவாவது எங்கே போய் நுனியில் உட்கார்ந்தாளோ அங்கே முன்பு ஒரு காலத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கீழே வந்து வெயிலில் நின்றபோது நிரோஷாவுக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுவது என்று தெரியாததால் அது பாதியில் நின்றுவிட்டது.

ரிஸ்வானாவுக்குப் போன் செய்து சொன்னாள்.

“எடுக்க ஒண்ணுமே இல்லேன்னா சொன்னாங்க?”

“ஆமா மேடம்.”

“எனக்கு ஒரு நாள் முழுக்க எடுத்தாங்கக்கா,” என்றாள் ரிஸ்வானா. பிறகு, “உங்களுக்கு உரிமம் வந்தாச்சு. இனிமே என்னை மேடம்னு கூப்பிட வேணாம்,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் திலீபன் வாசலிலேயே காத்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, “பூங்கோதை அக்கா வீட்டுக்கு ‘உண்டு’ போடு,” என்றான், பாடம் ஒப்பிப்பவனைப்போல. அவள் நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு அவன் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். “எனக்கும் அப்படித்தான் இருக்கும், இல்ல?” என்று கேட்டான். நறுமுகைக்கும் அப்படித்தானா என்று கேட்கவில்லை. இருவரும் அதைத்தான் நினைத்தார்கள்.

மறுமதிப்பீட்டுக்குத் தணிகாசலம் மனுக் கொடுத்திருந்தார். நிரோஷா தனியாகப் போனாள். பூங்கோதை அவளை உட்காரவைத்து இட்லி கொடுத்தார். வேலை முடிந்த பிறகும் அவள் கிளம்பவில்லை. மருத்துவமனைக் கதையை அவரிடம் சொன்னாள், தான் மாறிய வீடுகளையெல்லாம் சொன்னாள். பூங்கோதை “ஐயோ பாவமே” என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது பிடித்திருந்தது. அந்த வீட்டில் அவர் நடமாடுவதைப் பார்க்கப் பார்க்க, ‘உண்டு’ என்பதில் நிரோஷாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வீட்டின் மேல் தனக்குப் பற்று இருப்பதால்தான் இதெல்லாம் கண்ணில் படுகிறது என்று முன்பு நினைத்திருந்தாள். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. பிறகு எதனால் தெரிகிறது என்று யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. ‘உண்டு’ போட்டுக் கையெழுத்திட்டாள்.

வாரியத்தின் குழு அவளை வரச் சொன்னது. நீளமான மேஜையின் பின்னால் மூன்று பேர், மூவரும் சிகிச்சை முடித்தவர்கள். முதல் மதிப்பீட்டாளர் என்ற முறையில் ரிஸ்வானாவும் ஓரத்தில் இருந்தாள்.

“இந்த மண்டலத்துல இதுவரைக்கும் ‘உண்டு’ வந்ததே இல்ல,” என்றார் தலைவர். “முதல் மதிப்பீட்டுல ‘இல்லை’ன்னு இருக்கு. உங்க சொந்தப் பற்று ஏதாவது இதுல கலந்திருக்குமா?”

நிரோஷா அந்த அக்காவின் கண்ணைப் பற்றி, தங்கை வீட்டு நாற்காலியைப் பற்றி, சிந்திய டீயை அவர் துடைத்ததைப் பற்றிச் சொல்ல வார்த்தைகளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் அவளுடைய சான்றைத் திரையில் காட்டினார்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “சிகிச்சைக்கு முன்னாடியே பூஜ்யமா? இவ்ளோ சுத்தமான சான்று நான் பாத்ததில்லை.” ரிஸ்வானாவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

“நான் பாத்தப்ப எனக்குத் தெரியல சார்,” என்றாள் ரிஸ்வானா. “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆட்சேபணை இல்ல.”

அவ்வளவுதான். அந்த அக்காவைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிரோஷா எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று பஸ் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தது. தூக்கமும் கூடவே வந்தது.

அடுத்த தை முடிந்து வீடு தயாரானது. கேப்பர் மலையின் செம்மண்ணில், முந்திரி மரங்களை வெட்டிய இடத்தில், அடுக்குமாடிகளுக்குச் சற்றுத் தள்ளி அந்த ஒரே ஒரு ஓட்டு வீடு நின்றது. பார்ப்பவர்களுக்கு அது அங்கே ஏன் இருக்கிறது என்று புரியாது. அதே விட்டம், அதே உயரத்தில் வாசற்படி, அதே இடத்தில் மாடம். தணிகாசலம் குடியேறும் முன் தானே அளவு நாடாவோடு வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாராம். நிரோஷா ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள்.

பூங்கோதை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். விட்டத்துக்குக் குனிந்தார், படியைத் தாண்டினார், மாடத்தில் கை வைத்ததும் சர்க்கரை டப்பா கைக்கு வந்தது. டீ கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தணிகாசலம் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கதவுக்குக் கீல் வாங்க வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அவருடைய வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு பூங்கோதை அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்க மாட்டியே?”

“சொல்லுங்கக்கா.”

“எல்லாம் அந்தந்த எடத்துல இருக்கு. கை வெச்சா கைக்கு வருது. ஆனா நான் எங்க இருக்கேன்னே தெரியலம்மா.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். “அங்க இருந்தப்ப எந்நேரமும் கடல் எரைஞ்சுட்டே இருக்கும். அது எந்தப் பக்கம் கேக்குதோ அது கெழக்கு. தூக்கத்துல எழுந்தாக்கூட நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கறேன்னு தெரியும். இங்க அது இல்ல. நடக்கறேன், இடிச்சுக்கல. ஆனா பாழுங்கெணத்துக்குள்ள நடக்கற மாதிரி இருக்கு. அவருகிட்ட சொல்லிடாதே. பாவம், ஒவ்வொரு செங்கல்லா பாத்துப் பாத்து வெச்சாரு.”

நிரோஷா டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை தேர்வு, இத்தனை தெரு, அந்தத் தொப்பி, அந்த மேஜை எல்லாம் கடைசியில் இதற்குத்தானா? கடலைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் போட்டு எந்த வாரியத்திடம் கேட்பது? மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் பூங்கோதை அவள் முழங்காலில் கை வைத்தார்.

“நீ எத்தனையோ வீடு மாறியிருக்கேன்னு அன்னிக்குச் சொன்னியே. புது வீட்டுக்குப் போனா மொத மொத என்ன பண்ணுவே?”

நிரோஷாவை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏன் மாறினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை, ஒவ்வொரு முறையும் அவள் அதைத்தான் செய்துவந்திருக்கிறாள்.

“மூட்டை எதையும் பிரிக்க மாட்டேன்க்கா. எல்லா ஜன்னலையும் தொறந்து வெச்சுட்டுத் தரையில சும்மா உக்காந்திருப்பேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான். குழாய் எங்க சொட்டுது, பக்கத்து வீட்டுக்காரங்க எந்தச் சுவத்துக்குப் பின்னாடி பேசறாங்க, பஸ்ஸு எந்தப் பக்கம் இருந்து வருது… அதெல்லாம் அதுவா வந்து உக்காரும். வர்றவரைக்கும் விட்டுடணும்.”

“எவ்ளோ நேரம்?”

“பசிக்கற வரைக்கும்.”

பூங்கோதை எழுந்து ஜன்னல்களைத் திறந்தார். கொக்கிகள் புதிது, இறுக்கமாக இருந்தன. நிரோஷா உதவிக்குப் போகவில்லை. பிறகு இருவரும் கூடத்தின் நடுவில், தரையில், சுவரில் சாயாமல் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் காய்ந்த முந்திரி இலைகளைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. அடுக்குமாடியில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றி முனகிக்கொண்டு மேடு ஏறியது.

பூங்கோதை கையை நீட்டினார். “ரோடு அந்தப் பக்கமா?”

“ஆமாக்கா.”

“கீழ ஊர்ல இருந்து வர்ற ரோடு. அப்ப அதான் கெழக்கு.”

“ஆமாக்கா.”

நிரோஷாவின் போன் அடித்தது. மதியம் பார்க்க வேண்டிய வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவள் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

“உனக்குப் பசிக்குதா?” என்று கேட்டார் பூங்கோதை.

“இன்னும் இல்லக்கா.”

“அப்ப இன்னும் கொஞ்சம் உக்காரு.”